லேப்டாப்போடு வந்தவர்கள்

உப்போடைப்பட்டி சீனியம்மாள் வீட்டுக்கு லேப்டாப் வந்த அன்று, அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து முதலில் தெர்மாகோல் வந்தது, அப்புறம் லேப்டாப் வந்தது, அப்புறம் சார்ஜர் வந்தது, சார்ஜருக்குப் பின்னால் ஆறு பேர் வந்தார்கள். கல்யாண மண்டப வாசலில் சந்தனம் கொடுக்க நிறுத்தியவர்களைப் போலத் தேய்த்த உடுப்பும் ஓயாத சிரிப்புமாக ஒருவர் பின் ஒருவராக இறங்கி, காலில் ஒட்டிய தெர்மாகோல் துகளைத் தட்டிவிட்டு, முன்னறையில் விரித்திருந்த பாயில் வரிசையாக உட்கார்ந்தார்கள். "யாருன்னு தெரியலையே" என்று சீனியம்மாள் கேட்டதற்கு, "நாங்கள் இதனுடன் வந்தவர்கள்" என்று ஆறு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். கூட வந்தவர்களை என்ன செய்ய முடியும்? சீனியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "காப்பி குடிக்கியளா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கப் போனாள்.

லேப்டாப்பை வாங்கியது அவள் மகள் செல்லக்கனி. கம்மலை விற்று வாங்கினாள். புருஷன் ஆதிலிங்கத்தின் வீட்டை விட்டு அவள் வந்து ஒரு மழைக்காலம் போயிருந்தது. அடிக்கிறவன், குடிக்கிறவன் என்று எந்தப் பழுதும் சொல்ல முடியாத மாப்பிள்ளை. காலையில் வேலைக்குப் போகும்போது அவளை உள்ளே வைத்து வெளியே பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போவான், அவ்வளவுதான். குடிதண்ணீர்க் குடம் பூட்டுக்கு வெளியே வாசலில் இருக்கும். இதை அவள் ஊரில் வந்து சொன்னபோது, "பத்திரமா வச்சிருக்கான்னு நெனச்சுக்க" என்று ஆறுதல் சொன்னார்கள். அவளுடைய தாய்மாமன் தங்கப்பழம், சீனியம்மாள் வீட்டில் ஆண் இல்லாத குறைக்குத் தானே ஆணாக வந்திருந்து எல்லாத் தீர்ப்பும் சொல்கிறவர், பெரிய மனது பண்ணி ஒரு கெடு வைத்தார். சென்னைக் கம்பெனி ஒன்று வீட்டில் இருந்தபடியே ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கும் வேலை தருகிறதாம். அதற்கான பரீட்சையில் தேறினால் இங்கே இருந்துகொள்ளலாம். தேறாவிட்டால் தை பிறந்ததும் அவளைத் திரும்ப ஆதிலிங்கத்திடமே கொண்டுபோய் விட்டுவிடுவது. பரீட்சையை லேப்டாப்பில்தான் எழுத வேண்டும், ஓடுகிற கடிகாரத்தோடு போட்டி போட்டு.

வந்தவர்களில் மூத்தவர் காவல்காரர். கழுத்தில் டை கட்டியிருந்தார். தூங்குகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம், "எச்சரிக்கை! தங்கள் இல்லம் பாதுகாப்பாக இல்லை" என்று சொல்லிக்கொண்டிருப்பார், எதனால் என்று கேட்டால் அதைச் சொல்லச் சந்தா கட்ட வேண்டும் என்பார். ஒரு செய்திக்காரி இருந்தாள். எந்த நடிகை யாரை விவாகரத்துப் பண்ணினாள், தங்கம் எவ்வளவு ஏறியது, உப்போடைப்பட்டியில் யாரும் போயிராத ஏதோ நகரத்தில் இன்று மழை பெய்யுமா என்பதையெல்லாம் கேட்காமலே சொல்வாள். ஒருவர் கலர் மிட்டாய்களைத் தரையில் பரப்பி, உடைத்து, மறுபடி பரப்பி விளையாடினார். ஒருவர் கடைக்காரர், சீனியம்மாள் ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்துவிட்ட குக்கரைக் கையில் ஏந்தியபடி அவள் குளிக்கப் போனாலும் பின்னாலேயே போய் நிற்பார். ஒருவர் உதவியாளர்; "நான் தங்களுக்கு உதவலாமா?" என்று கேட்பதைத் தவிர வேறு உதவி எதுவும் அவருக்குத் தெரியாது. ஆறாவது ஆளுக்கு என்ன வேலை என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. அவர் மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார், அவரைத் தொட்டால் எல்லாமே நின்றுபோகும் என்று மற்ற ஐந்து பேரும் சொன்னார்கள்.

அவர்கள் சோறு தின்னவில்லை, இடத்தைத் தின்றார்கள். எப்போதும் வாங்குகிற அரிசி டின்னுக்குள் கொள்ளாமல் வெளியே நின்றது, குடத்தில் பிடித்த தண்ணீர் பாதியிலேயே வழிந்தது, தாயும் மகளும் படுக்கிற பாயில் ஒருவர் மட்டுமே படுக்க முடிந்தது. லேப்டாப்போ, காலையில் பொத்தானை அமுக்கினால் இட்லி வெந்து, சட்னி அரைத்து, சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரத்துக்குத்தான் கண் விழிக்கும். விழித்த பிறகும் ஒரு எழுத்தைத் தட்டினால் அது திரைக்கு வருவதற்குள் தட்டியவளுக்கு அது என்ன எழுத்து என்பது மறந்துபோகும்.

எங்கள் ஊர் இந்த ஆறு பேரையும் ஏற்றுக்கொண்ட அழகு இருக்கிறதே, அதைச் சொல்லாவிட்டால் கதை பாதிதான். முதல் வாரம் வேடிக்கை பார்க்க வந்தவர்கள், இரண்டாவது வாரம் முறை சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். கதவு என்ற ஒன்றைச் சாத்தியே பழகாத தெரு, காவல்காரர் வாசலில் நின்று எச்சரிக்கை எச்சரிக்கை என்று சொன்னதைக் கேட்டுப் பூட்டு வாங்கியது. செய்திக்காரி வராமல் குழாயடியில் யாரும் குடம் வைப்பதில்லை என்று ஆனது. பிறகு பிள்ளைகள் படிக்க, காலேஜில் கொடுக்க, வெளிநாட்டு மாமா அனுப்ப என்று வீட்டுக்கு வீடு லேப்டாப் வந்தது, அதனதன் ஆட்களும் கூடவே வந்தார்கள். எந்த வீட்டில் எத்தனை பேர் என்பது மரியாதைக் கணக்காகிவிட்டது. டவுனில் யாரோ உதிரிப் பாகங்களைக் கோத்துக் கொடுத்த லேப்டாப்பை வாங்கி, அதோடு ஆள் எவரும் வராமல் போன ஒரு வீட்டில் பெண் கேட்க வந்தவர்கள் திரும்பிப் போனார்கள்.

கோயில் கொடைத் திருவிழா வந்தபோதுதான் சிக்கல் வந்தது: இவர்களை எந்தப் பந்தியில் உட்கார வைப்பது? கீழத்தெருக்காரர்களைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்தி வைத்தே தலைமுறை தலைமுறையாகக் கொடை நடத்தி வருகிற ஊர் இது. பூர்வீகம் தெரியாமல் இலை போட்டுவிட முடியுமா? பெரியவர்கள் ஆலமரத்தடியில் கூடி, "உங்க ஆளுக எந்தப் பக்கம்?" என்று விசாரித்தார்கள். காவல்காரர் எழுந்து தங்கள் விதிமுறைகளையும் நிபந்தனைகளையும் வாசிக்கத் தொடங்கினார், வெயில் இறங்கும்வரை வாசித்தார், தங்கப்பழம் உட்படப் பாதிப் பேர் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்கள், முடிவில் அவர் "சம்மதமா?" என்று கேட்டபோது திடுக்கிட்டு விழித்து, எல்லோரும் ஒரே வாயாகச் "சம்மதம்" என்றார்கள். அந்த வருஷம் முதல் பந்தியில், சாமியாடிக்கு அடுத்த இலைகள் அவர்களுக்குப் போடப்பட்டன. கீழத்தெருக்காரர்கள் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தார்கள்.

தங்கப்பழத்துக்கு மிட்டாய் விளையாட்டில் ரொம்ப ருசி. சாயங்காலம் அக்காள் வீட்டுக்கு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். "பாரு கனி, இவியளப் பாத்துப் படிச்சுக்கோ. வந்த எடத்துல எப்படிப் பாந்தமா இருக்காவ. ஒரு வீட்டுக்குன்னு வந்துட்டா அங்ஙனயே கெடக்கணும்" என்று ஒரு பச்சை மிட்டாயை உடைத்தபடி சொல்வார். பதில் சொன்னால் அம்மா மனம் நோகும் என்று கனி லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

கார்த்திகையில் பரீட்சை வந்தது. கனி விடியுமுன்பே எழுந்து லேப்டாப்பைப் போட்டாள். கேள்வி திரைக்கு வந்த நேரத்தில் காவல்காரர் எச்சரிக்கை என்றார், கடைக்காரர் குக்கரை நீட்டினார், உதவியாளர் உதவலாமா என்று கேட்டு அவள் வேண்டாம் என்று சொல்லும்வரை நகர மறுத்தார், வேண்டாம் என்றதும் "தங்கள் கருத்துக்கு நன்றி, எனக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள்?" என்று கேட்டார். அதற்குள் கடிகாரம் ஓடி முடிந்துவிட்டது. கம்பெனிக்காரர்களிடம் போனில் கெஞ்சியதில், மார்கழியில் இன்னொரு தடவை எழுதிக்கொள்ளலாம், அதோடு சரி என்றார்கள்.

இவர்களை வைத்துக்கொண்டு எழுத முடியாது என்பது கனிக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. லேப்டாப்பில் எங்கெங்கோ நுழைந்து, அவர்கள் பெயர்கள் இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்து, காவல்காரர் பெயருக்குப் பக்கத்தில் 'நீக்கு' என்று இருந்ததை அமுக்கினாள். முன்னறையில் காவல்காரர் எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. "என்னை நீக்க வேண்டும் என்பதில் தாங்கள் உறுதியாக இருக்கிறீர்களா?" என்றார். "ஆமா" என்றாள். "காரணம் சொன்னால் என்னை மேம்படுத்திக்கொள்வேன்." கனி மறுபடியும் 'நீக்கு' என்பதை அமுக்கினாள். அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, "அப்படியானால் நான் போய் வருகிறேன்" என்றார்.

அடுப்படியிலிருந்து சீனியம்மாள் ஈரக்கையோடு ஓடிவந்தாள். "போயிட்டு வாங்க, அண்ணாச்சி. தண்ணி குடிச்சிட்டுப் போயிட்டு வாங்க."

மறுநாள் காலையில் லேப்டாப்பைத் திறந்தபோது அவர் பாயில் உட்கார்ந்திருந்தார். கூடவே தம்பியையும் கூட்டி வந்திருந்தார்.

அடுத்த தடவை அம்மா ரேஷன் கடைக்குப் போகும்வரை காத்திருந்து கனி செய்திக்காரியை நீக்கினாள். செய்திக்காரி பையைத் தோளில் மாட்டி, "போய் வருகிறேன்" என்றாள். கனியின் மூளை வாயை எட்டுவதற்கு முன்பே வாய், "சரிக்கா, போயிட்டு வாங்க" என்றுவிட்டது. இந்த மண்ணில் நாக்கு அப்படித்தான் பழகியிருக்கிறது. கழுத்தில் கத்தி வைத்த திருடன் கிளம்பினாலும் போயிட்டு வா என்றுதான் வரும். மறுநாள் செய்திக்காரியும் திரும்பி வந்திருந்தாள். மூன்றாவது தடவை, கடைக்காரரை நீக்கியபோது, கனி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைக்காரர் வாசற்படியில் நின்றார். அந்த வார்த்தை கிடைக்காமல் அவருக்குக் கால் எழவில்லை. வந்த ஊர் வழக்கத்தை அத்தனை சுத்தமாகக் கற்றிருந்தார்கள். உச்சி வெயிலில் குக்கரோடு நின்றவரைப் பார்த்துத் தெருவே கூடிவிட்டது. "ஏட்டி கனி, ஒரு வார்த்த சொல்லி அனுப்பு. மனுசன் எம்புட்டு நேரம் நிப்பாரு?" என்று எதிர்வீட்டுக்காரி சத்தம் போட்டாள். கனி கையை எடுத்து, "போங்க! வராதீங்க!" என்று கத்தினாள். தெரு அதிர்ந்து நின்றது. எதிர்வீட்டுக்காரி முன்னால் வந்து, "சின்னப்புள்ள, தெரியாம சொல்லிட்டு. நீங்க போயிட்டு வாங்கண்ணே" என்றாள். கடைக்காரர் நன்றி சொல்லிக் கிளம்பினார். மறுநாள் இரண்டு குக்கரோடு வந்தார்.

மார்கழி பிறந்ததும் மேலத்தெரு குணசீலன் அண்ணாச்சி இறந்துபோனார். ஊரே போனது, லேப்டாப்போடு வந்தவர்களும் போனார்கள், இப்போது அவர்களும் ஊர்க்காரர்கள்தானே. கனி பெண்களோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். எழவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது, வந்தவர்கள் சத்தமில்லாமல் எழுந்து போய்விட வேண்டும், வீட்டுக்காரர்களும் போயிட்டு வாங்க என்று சொல்லக் கூடாது. குணசீலன் வீட்டு லேப்டாப்போடு வந்திருந்தவர்களும் அப்படியே கூட்டத்தோடு எழுந்து, தலையைக் குனிந்துகொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் படி இறங்கித் தெருமுனையில் திரும்பிப் போனார்கள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பதினாறாம் நாள் விசேஷத்தில் குணசீலனின் மகன், அப்பா போன பிறகு லேப்டாப் என்னமோ காற்றாகப் பறக்கிறது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். கனி வீட்டுக்கு வந்து, பாயில் இருந்தவர்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தாள்.

பரீட்சைக்கு முந்தின நாள் தங்கப்பழம் நாலு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். பரீட்சையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், மாப்பிள்ளை வீட்டில் அவசரப்படுகிறார்கள், துணியை எடுத்து வை என்றார்.

"வரமாட்டேன், மாமா" என்றாள் கனி.

"வரமாட்டேன்னா? நாளைக்கே ஒன்னத் தலைமுழுகிருவோம், பாத்துக்க."

"முழுகுங்க."

"என்னட்டி சொல்லுத?"

"தலைமுழுகுங்கன்னு சொல்லுதேன். முறையா செய்யணும். பந்தல் போட்டு, கொட்டு வச்சு, பெண்டுகளக் கூப்பிட்டு அழுது, நான் செத்துட்டேன்னு ஊருக்குச் சொல்லி முழுகுங்க. காலையிலயே வச்சுக்கிடுங்க."

"கனி, வாய மூடுட்டி!" என்று சீனியம்மாள் அலறினாள். தங்கப்பழத்துக்கு நிஜமாகவே பயமாக இருந்தது, அதை நான் மறைக்க மாட்டேன். அவர் மிரட்டத்தான் வந்தார். ஆனால் நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லை விழுங்கினால் மீசைக்கு என்ன மரியாதை? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பந்தல்காரனைப் பார்க்கக் கிளம்பினார்.

விடிந்ததும் கொட்டு முழங்கியது. ஊர் வந்தது. எங்கள் ஊரில் சாவுக்கு வராதவர்கள் கிடையாது, செத்தவள் உள்ளறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பும் பக்கத்தில் சொருகிய சார்ஜருமாக இருப்பதை ஜன்னல் வழியாக எல்லோரும் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் போய் அழுதார்கள். பாடை காலியாக வைக்கப்பட்டது. சீனியம்மாள் தலைவிரி கோலமாக நடுவில் உட்கார்ந்தாள், பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு வட்டம் போட்டார்கள். உயிரோடு இருக்கிற பிள்ளைக்காக எந்தத் தாய்க்கு ஒப்பாரி வரும்? பிறகு எங்கிருந்தோ வந்தது.

"பூப்போல பெத்த புள்ள, என்னப் பெத்தாரே,
பூட்டுக்கா குடுத்தேன் நான்?
தண்ணிக்குடம் வெளிய நிக்க
தவிச்சுக் கெடந்தியே, எங்கண்ணே!"

உள்ளே கனிக்கு எல்லாம் கேட்டது. அவள் வந்த நாளிலிருந்து அந்தப் பூட்டைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை கேட்டதில்லை. நீ சொல்லாதே, எனக்குக் கேட்கத் தெம்பில்லை என்று திரும்பிப் படுத்துக்கொண்டவள். செத்த மகளுக்காகத்தான் அந்த வாய் திறந்தது. கனி அழுதாள். கடிகாரம் எப்போது வேண்டுமானாலும் ஓடத் தொடங்கிவிடும் என்பதால் சீக்கிரமாக அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

முன்னறையில் அவர்கள் எழுந்தார்கள். காவல்காரர் டையைச் சரிசெய்தார், எச்சரிக்கை என்று சொல்ல வாயெடுத்து, இது சாவு வீடு என்று நினைவு வந்து அடக்கிக்கொண்டார். தம்பி பின்னாலேயே போனார். செய்திக்காரி எந்தச் செய்தியும் சொல்லவில்லை. மிட்டாய்க்காரர் மிட்டாய்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார். கடைக்காரர் இரண்டு குக்கரையும் எடுத்துக்கொண்டு போனார், உதவியாளர் ஜன்னலில் ஒரு கணம் தயங்கி நின்று கனியைப் பார்த்தார், முதல் தடவையாக ஒன்றும் கேட்காமல் போனார். கடைசியாக மூலையில் இருந்தவர் எழுந்தார். அவர் முகத்தை அப்போதாவது பார்க்கலாம் என்று எட்டிப் பார்த்தவர்களுக்கு அங்கும் முதுகுதான் தெரிந்தது. ஒருவரும் வருகிறேன் என்று சொல்லவில்லை. ஒருவரும் வாருங்கள் என்று சொல்லவில்லை. அடுப்படியில் டின்னுக்குள் அரிசி கீழே இறங்குகிற சத்தம் கேட்டது. கனி பொத்தானை அமுக்கினாள், திரை பளிச்சென்று விழித்தது, வெளியே தன் பெயரைச் சொல்லி ஊர் மாரடித்துக்கொண்டிருக்க அவள் எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதி முடித்தாள். பிறகு ஊர் தலைமுழுகிவிட்டுப் போனது.

அவள் தேறினாள். வேலை கிடைத்தது. ஆதிலிங்கம் சாவுச் செய்தி கேட்டு மொட்டை போட்டுக் காரியம் செய்து, சித்திரையிலேயே வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். அதே பூட்டுதான் என்று கேள்வி.

ஆறு பேர் பெட்டிக்குள்ளிருந்து வந்ததைக் காப்பி கொடுத்து ஏற்றுக்கொண்ட ஊருக்கு, செத்த ஒருத்தி தெருவில் நடந்து போவதை மட்டும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. குழாயடியில் அவள் குடத்தைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்தவர் பிடித்தார்கள். மளிகைக் கடையில் அவள் கேட்டது யார் காதிலும் விழவில்லை. அரிசி, பருப்பு, சோப்பு எல்லாம் அவளுக்கு டவுனிலிருந்து பார்சலில் வந்தது, கொண்டுவருகிற வெளியூர்க்காரன் வாசலில் நின்று "செல்லக்கனி!" என்று உரக்கக் கூப்பிடுவான், தெருக்காரர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அவள் கல்லூரிப் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டு முன்னறையில் மாட்டியிருந்தார்கள். அதன் கீழே எரிகிற சின்ன பல்பை, கரண்டு வீணாகிறதே என்று அவளே சில நேரம் அணைப்பாள். மற்ற வீடுகளில் லேப்டாப்போடு வந்தவர்கள் சௌக்கியமாக இருந்தார்கள். அடுத்த கொடையில் அவர்களுக்கு இரண்டு பந்தி போட வேண்டியிருந்தது.

அம்மா பேசவில்லை. தலைமுழுகிய பிறகு பேசினால் சாமி குத்தம், அதோடு தங்கப்பழம் தினமும் வந்து நோட்டம் பார்த்தார். சீனியம்மாள் ஒரு தட்டில் மட்டும் சோறு போட்டுத் தின்றுவிட்டு, சட்டியில் மிச்சத்தை மூடாமல் வைத்துவிட்டுப் போவாள். "யம்மா, ஒரு வாட்டி என்னப் பாரேன்" என்று கனி சேலையைப் பிடித்து இழுத்தபோது, ஆணியில் மாட்டிக்கொண்ட சேலையை எடுப்பது போல மெதுவாக விடுவித்துக்கொண்டு நகர்ந்தாள். அன்று கனி, திரும்பி ஆதிலிங்கத்திடமே போயிருக்கலாமோ என்றுகூட நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஆடி அமாவாசை வந்தது. சீனியம்மாள் காலையிலேயே தலைக்குக் குளித்து, விரதம் இருந்து, உளுந்தவடை சுட்டு, தடியங்காய்க் கூட்டும் புளிக்குழம்பும் வைத்து, வாழையிலையில் எல்லாம் பரிமாறிப் பின்பக்கச் சுவர் மேல் கொண்டு வைத்தாள். தங்கப்பழமும் கூட நின்றார். செத்தவர்களுக்குப் படைப்பதை யாரும் குற்றம் சொல்ல முடியாது. சீனியம்மாள் காக்கையைக் கூப்பிட்டாள். பிறகு, இறந்தவர்களைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும் என்பது முறை, ஆகாயத்தைப் பார்த்து அழைத்தாள்.

"ஏ செல்லக்கனி! எந்தாயி! வந்து சாப்பிடு, கண்ணு. அம்மா ஒனக்குப் பிடிச்சதா வச்சிருக்கேன். வா!"

தங்கப்பழம் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

கனி லேப்டாப்பை மூடிவிட்டுப் பின்கதவு வழியாக வந்தாள். காக்கை முதலில் எடுக்க வேண்டும் என்பதால் ஒதுங்கி நின்றாள். அது ஒரு வடையைக் கவ்விக்கொண்டு பக்கத்து முருங்கையில் போய் உட்கார்ந்ததும், இலையை இறக்கித் துவைக்கிற கல்லின் மேல் வைத்துச் சாப்பிட உட்கார்ந்தாள். சீனியம்மாள் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முருங்கையைப் பார்த்து நின்றாள்.

"உப்பு சரியா இருக்கா?" என்று காக்கையிடம் கேட்டாள்.

"கொஞ்சம் கூடிட்டு" என்றாள் கனி, வாயில் சோற்றோடு.

சீனியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "சரி, அடுத்த அமாவாசைக்குக் குறைச்சுப் போடுதேன்" என்று காக்கையிடம் சொன்னாள்.